லண்டன் பக்கம் கார்டன் சுவர்ல பழக்கொடி ஏத்தணுமா? கடைக்குப் போறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

லண்டன், கென்ட், சர்ரே, எசெக்ஸ்னு இங்கிலாந்தோட தெற்குப் பக்கம் வீடு எடுத்த நம்மாளுங்க எல்லாருக்கும் முதல் வருஷத்துலயே வர்ற ஆசை இது. பின்பக்கம் வெறும் செங்கல் சுவரும் பழுப்பேறின மர ஃபென்ஸும் நிக்குது, ஏதாவது கொடி ஏத்திவிடலாம், ஏத்துறதுதான் ஏத்துறோம் பழம் காய்க்கிறதா ஏத்துவோமேன்னு தோணும். தாராளமா ஏத்தலாம், இங்க குளிர் அவ்வளவு கொடூரம் கிடையாது. ஆனா செடியை முதல்ல வாங்கிட்டு அப்புறம் இடம் தேடினா காசும் போகும் மூணு நாலு வருஷமும் போகும். நான் இதுக்காக அலைஞ்சு, பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட பேசி, பேப்பர் எல்லாம் தேடி எடுத்து தெரிஞ்சுக்கிட்டதை வரிசையா எழுதுறேன். சுவரை முதல்ல முடிவு பண்ணுங்க, செடியை அந்தச் சுவரே முடிவு பண்ணும்.

1. சுவர் யாரோடதுன்னு பாருங்க

"இடது பக்க ஃபென்ஸ் நம்மது, வலது பக்கம் அவங்களுது"ன்னு எல்லாரும் அடிச்சுச் சொல்வாங்க. அப்படி ஒரு சட்டமே இங்க இல்ல. வீட்டுக்கு வீடு மாறும்.

சொந்த வீடுன்னா வாங்கும்போது சொலிசிட்டர் அனுப்பின ஃபைல்ல டி.ஏ.6னு ஒரு ஃபார்ம் இருக்கும், வித்தவங்க பூர்த்தி பண்ணிக் கொடுத்தது, அதுல எந்தப் பக்க எல்லையை யாரு பராமரிச்சாங்கன்னு ஒரு கேள்வி இருக்கும். அதுல தெளிவா இல்லன்னா லேண்ட் ரெஜிஸ்ட்ரியில டைட்டில் ரெஜிஸ்டர், டைட்டில் பிளான் ரெண்டும் எடுங்க. அரசாங்க வெப்சைட்ல ஒவ்வொண்ணும் 7 பவுண்ட். கூகுள்ல தேடினா மேல விளம்பரமா வர்ற சைட்டுங்க அதே பேப்பருக்கு பல மடங்கு காசு கேக்கும், பேர் பாக்குறதுக்கும் அரசாங்க சைட் மாதிரியேதான் இருக்கும், முகவரி கவ்.யூகேன்னு முடியுதான்னு பாத்துட்டு கார்டைத் தட்டுங்க. பிளான்ல எல்லைக் கோட்டுமேல ஆங்கில டி எழுத்து மாதிரி குறி இருந்தா அந்த எல்லை பெரும்பாலும் அந்த டி எந்தப் பக்கம் இருக்கோ அவங்க பொறுப்பு. நிறைய வீட்டுக்கு அந்தக் குறியே இருக்காது. பிளான்ல வரைஞ்ச சிவப்புக் கோடும் எல்லையைத் தோராயமா காட்டுறதுதான், இஞ்ச் கணக்குல சண்டை போட அது உதவாது.

பக்கத்து வீட்டு ஃபென்ஸா இருந்தா அவங்க சம்மதம் இல்லாம ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது, கொடியைச் சாத்தி ஏத்துறதும் அதே கதைதான். ரெண்டு பேருக்கும் பொதுவான சுவர்னா பார்ட்டி வால் சட்டம், 1996ல வந்தது, ஞாபகம் வந்து பயந்துடாதீங்க, பிளக் வச்சு ஸ்க்ரூ முடுக்குற அளவு சின்ன வேலைக்கெல்லாம் நோட்டீஸ் தேவையில்ல. இருந்தாலும் கதவைத் தட்டி ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செய்யுங்க, நாளைக்குக் கொடி அந்தப் பக்கம் தலை நீட்டும்போது அந்த ஒரு வார்த்தைதான் காப்பாத்தும்.

வாடகை வீடுன்னா லேண்ட்லார்ட்கிட்ட ஈமெயில்ல பர்மிஷன் வாங்குங்க. போன்ல "நோ ப்ராப்ளம்"னு சொன்னது டெபாசிட் கணக்குப் பாக்குற நேரத்துல நிக்காது. துளை போடுறதுக்கு முன்னாடி சுவரை நாலு போட்டோ எடுத்து அதே ஈமெயில்ல அனுப்பிடுங்க. கீழ்த்தள ஃப்ளாட், லீஸ்ஹோல்டுன்னா (நிலம் இன்னொருத்தர் பேர்ல, உங்களுக்கு நீண்டகாலக் குத்தகை) லீஸ் பேப்பர்ல வெளிச்சுவரைப் பத்தி என்ன எழுதியிருக்குன்னு பாக்கணும், கார்டன் உங்களுதா இருந்தும் சுவர் ஃப்ரீஹோல்டரோடதா, அதாவது அந்த நிலத்துக்காரரோடதா இருக்கலாம். லிஸ்டட் பில்டிங்னா, அதாவது பாரம்பரியக் கட்டடம்னு பட்டியல்ல சேத்ததுன்னா, கவுன்சிலைக் கேக்காம சுவரைத் தொடாதீங்க.

இன்னொண்ணு, ஃபென்ஸ் மேல ட்ரெல்லிஸ், அதாவது கொடி ஏறுற மரச் சட்டம் வச்சு உயரம் கூட்டுறவங்களுக்கு. தரையிலேர்ந்து 2 மீட்டருக்கு மேல போனா பிளானிங் பர்மிஷன் வேணும், ட்ரெல்லிஸும் அந்த 2 மீட்டர் கணக்குல சேரும். வண்டி போற ரோட்டை ஒட்டின எல்லைன்னா 1 மீட்டர்தான். செடி வளர்ற உயரத்தை இந்தக் கணக்குல சேக்க மாட்டாங்க.

2. வெயில் கணக்கு

போன்ல காம்பஸைத் திறந்து, சுவருக்கு முதுகைக் காட்டி நில்லுங்க. முகம் எந்தத் திசையைப் பாக்குதோ அதுதான் அந்தச் சுவரோட திசை. தெற்கு, மேற்கு பாத்த சுவர்தான் பழத்துக்கு ராஜா, பகல் பூரா வாங்கின சூட்டை செங்கல் சாயங்காலத்துக்கு மேல மெதுவா விடும், அந்தச் சூட்டுலதான் திராட்சை இனிக்குது. கிழக்குச் சுவர்ல ஒரு வில்லங்கம் இருக்கு. ஏப்ரல் மே மாசத்துல ராத்திரி பனி விழுந்து தளிரு உறைஞ்சு நிக்கும், காலைல சுள்ளுனு வெயில் பட்டதும் டக்குனு உருகும், அப்ப தளிரும் பூவும் கருகிடும். கிவிக்கு இது ஆகவே ஆகாது.

வடக்குச் சுவர்ல இனிப்பை எதிர்பாக்காதீங்க. பிளாக்பெர்ரி வகைங்க கொஞ்சம் சமாளிக்கும். கொடியே வேணும்னு அடம் இல்லன்னா மொரெல்லோ செர்ரி, ரெட்கரன்ட் ரெண்டையும் கம்பியில விசிறி மாதிரி கட்டி வளக்கலாம், வடக்குச் சுவர்ல நிசமாவே காய்க்கும்.

டிசம்பர்ல போய் நின்னு பாத்துட்டு "வெயிலே இல்ல"ன்னு முடிவு பண்ணாதீங்க, நமக்கு வேண்டியது ஏப்ரல்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் வர்ற வெயில். அந்த மாசங்கள்ல பக்கத்து மரம் இலை விட்டு நிழல் கட்டுமாங்கிறதையும் பாருங்க.

3. எந்தக் கொடி

இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

திராட்சைதான் என்னோட முதல் சிபாரிசு. நம்ம கம்பம் பன்னீர் திராட்சையை மனசுல வச்சுக்கிட்டுக் கடைக்குப் போகாதீங்க. பன்னீர் திராட்சைங்கிறது மஸ்கட் ஹேம்பர்க் ரகம், இங்க அதுக்குக் கண்ணாடி வீடு வேணும், வெளிச் சுவர்ல விட்டா புளிப்போட நின்னுடும். அதே மாதிரி பிளாக் ஹேம்பர்க்னு லேபிள் போட்டு எல்லா கார்டன் சென்டர்லயும் விப்பாங்க. ஹேம்ப்டன் கோர்ட் அரண்மனையில 1768ல நட்டு இன்னமும் காய்க்கிற பெரிய திராட்சைக் கொடி அந்த ரகம்தான், ஆனா அதுவும் கண்ணாடிக் கூரைக்குக் கீழதான் இருக்கு, அதை மறந்துடக்கூடாது. வெளிச் சுவருக்கு பாஸ்கூப் குளோரி (கருப்பு, இங்க நல்லாப் பழுக்கும், நடுவுல விதை இருக்கும்), ஃபீனிக்ஸ் (வெள்ளை, நோய் கம்மி), லேக்மான்ட் (வெள்ளை, விதையில்லாதது) இதுல ஒண்ணு எடுங்க. பிரான்ட்னு ஒண்ணு விப்பாங்க, இலை இலையுதிர் காலத்துல செக்கச்செவேல்னு மாறி அழகா இருக்கும், பழம் குட்டி குட்டியா இருக்கும், சுவர் மூடுறது மட்டும்தான் நோக்கம்னா எடுக்கலாம். திராட்சைக்கு ஜோடி தேவையில்ல, ஒரே செடி போதும்.

கிவி காட்டுத்தனமா வளரும், 9 மீட்டர் வரைக்கும் போகும், சின்ன ஃபென்ஸ்ல ஏத்தினா காத்தடிக்கிற அன்னிக்கு ஃபென்ஸோட சேந்து விழும். பெரிய தெற்கு இல்ல மேற்குச் சுவர் இருந்தா மட்டும் யோசிங்க. கிவியில ஆண் செடி பெண் செடி தனித்தனி. கடையில ஹேவர்ட்னு வாங்குறது பெண், அது காய்க்க டொமூரி மாதிரி ஒரு ஆண் செடியும் பக்கத்துல வேணும். லேபிள்ல இதை ஓரமா சின்னதா போட்டிருப்பாங்க, சில இடத்துல போடவே மாட்டாங்க. ஒரு செடிக்குத்தான் இடம் இருக்குன்னா ஜென்னின்னு ஒரு ரகம், தானே காய்க்கும். சூப்பர்மார்க்கெட் கிவி விதையை முளைக்கப் போட்டா ஆணா பெண்ணான்னு தெரியுறதுக்கே பல வருஷம் காத்திருக்கணும், வேண்டாம். இடம் கம்மின்னா ஹார்டி கிவின்னு சொல்ற குட்டி ரகம் இருக்கு, இஸ்ஸாய்ங்கிற பேர்ல கிடைக்கும், பழம் பெரிய நெல்லிக்காய் அளவுதான், தோல்ல முடி இல்ல, அப்படியே வாயில போட்டுக்கலாம், இதுவும் தானே காய்க்கும். ஒரு தமாஷ் என்னன்னா கிவி வகைங்கன்னா தெருப்பூனைங்களுக்கு உயிரு, சின்னச் செடியில வந்து உரசி கடிச்சு படுத்துப் புரளும், முதல் வருஷம் சுத்திக் கோழிவலை போட்டு வைங்க.

பிளாக்பெர்ரி, டேபெர்ரி ரெண்டும் பந்தல் கொடி மாதிரி தானே பிடிச்சு ஏறாது, நீளமான தண்டை நாமதான் கம்பியில கட்டணும். ஆனா புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு இதைவிட லேசான வேலை கிடையாது, நட்ட அடுத்த கோடையிலயே பழம் வந்துடும். முள்ளில்லாத ரகம்னு கேட்டு வாங்குங்க: பிளாக்பெர்ரியில லாக் நெஸ் இல்ல ஆரிகன் தார்ன்லெஸ், டேபெர்ரியில பக்கிங்ஹாம். டேபெர்ரிங்கிறது பிளாக்பெர்ரியையும் ராஸ்பெர்ரியையும் கலந்து ஸ்காட்லாந்துல உருவாக்கினது, ஜூலையிலயே பழுக்கும், ரொம்ப மெத்துனு இருக்குறதால கடைக்கு வர்றதே அபூர்வம், வீட்டுல வச்சாத்தான் உண்டு. எனக்கு இதுல இருக்கிற எல்லாத்துலயும் பிடிச்சது இதுதான்.

இப்ப பேஷன் ஃப்ரூட். கொடைக்கானல் பக்கம் தாட்பூட் பழம்னு விப்பாங்களே, இலங்கைக்காரங்க கொடித்தோடைனு சொல்வாங்களே, அது நினைச்சுக்கிட்டு நம்மாளுங்க ஓடிப்போய் வாங்குறது பெரும்பாலும் நீலப் பூ பாசிஃப்ளோரா, சேருலியான்னு லேபிள்ல இருக்கும். ஒரு கடையில நான் கேட்டப்ப அங்க வேலை பாத்த ஆளு அதைக் காட்டி "ஆமா இதுதான் பேஷன் ஃப்ரூட்"னு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. பூ அட்டகாசமா இருக்கும், சுவரையும் ஒரே வருஷத்துல மூடிடும். பழம் முட்டை அளவு ஆரஞ்சு கலர்ல தொங்கும், பிளந்து பாத்தா உள்ள கொஞ்சூண்டு சிவப்புச் சதை, பாதிக்கு மேல காத்து, ருசின்னு சொல்ல ஒண்ணும் இல்ல. நல்லாப் பழுத்தது தின்னா ஆபத்தில்ல, ஆனா காயிலயும் இலையிலயும் சயனைடு உண்டாக்குற பொருள் இருக்கு, சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீட்டுல கவனம். நிஜமான தாட்பூட், எடுலிஸ் ரகம், பனி தாங்காது, தொட்டியில வச்சு குளிர்காலம் பூரா கன்சர்வேட்டரி உள்ள வைக்க முடிஞ்சா மட்டும் முயற்சி பண்ணுங்க.

சௌசௌ ஏத்தலாமான்னு கேக்குறவங்க நிறைய. பகல் நீளம் குறைய ஆரம்பிச்ச பிறகுதான் அது பூக்கும், இங்க பூத்து காய் பிடிக்கிற நேரத்துல பனி வந்து ஆளை முடிச்சிடும். இலையைப் பொரியல் பண்ணிக்கலாம், அவ்வளவுதான்.

ஏற்கெனவே வீட்டுல ஒரு கொடி இருக்கு, கருநீலத்துல திராட்சை மாதிரி குட்டிக் காய் தொங்குதுன்னா வாயில வச்சுடாதீங்க. வர்ஜீனியா க்ரீப்பரா இருக்கும், ஐவியா இருக்கும், ரெண்டும் தின்னக் கூடாது.

4. எப்ப, எங்க, எவ்வளவு

நவம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் பேர்-ரூட்னு, மண்ணே இல்லாம வேரோட மட்டும் விப்பாங்க, நர்சரிங்க ஆன்லைன்ல ஆர்டர் எடுக்கும். பாக்க காஞ்ச குச்சி மாதிரி இருக்கும், "செத்துப்போனதை அனுப்பிட்டாங்க"ன்னு பதறாதீங்க. தொட்டிச் செடியைவிட விலை கம்மி, பிடிச்சு வளர்றதும் நல்லா இருக்கும். நான் பாத்தவரைக்கும் தொட்டியில இருக்கிற திராட்சை, கிவி எல்லாம் சுமார் 15லேர்ந்து 25 பவுண்ட், பேர்-ரூட் பெர்ரி வகைங்க அதுக்கும் கீழ. ரெண்டடி செடிக்கும் ஆறடி செடிக்கும் விலை எக்கச்சக்கமா வித்தியாசப்படும், மூணு வருஷத்துல ரெண்டும் ஒரே உயரத்துலதான் நிக்கும், சின்னதையே எடுங்க.

லேபிள்ல எச்1லேர்ந்து எச்7 வரைக்கும் ஒரு நம்பர் இருக்கும், ஆர்.எச்.எஸ்னு இங்க இருக்கிற தோட்டக்கலைச் சங்கம் கொடுக்கிற குளிர் தாங்கும் கணக்கு. நம்பர் கூடக் கூட குளிர் தாங்கும். லண்டன் பக்கம் எச்4ம் அதுக்கு மேலயும் வெளியில நிக்கும், எச்1, எச்2ன்னா உள்ள எடுத்து வைக்கிற செடின்னு அர்த்தம். கப் மாதிரி படம் போட்டிருந்தா அது ஆர்.எச்.எஸ் நல்ல ரகம்னு அங்கீகரிச்சது.

ஊர்லேர்ந்து திராட்சைக் குச்சியை ஈரத்துணியில சுத்தி சூட்கேஸ்ல வச்சுக் கொண்டுவர்ற யோசனை இருந்தா விட்டுடுங்க. இந்தியா, இலங்கையிலேர்ந்து நடுற செடி, குச்சி, விதை எதைக் கொண்டுவந்தாலும் ஃபைட்டோசானிட்டரி சர்டிபிகேட் (செடியில நோய், பூச்சி இல்லன்னு அந்த நாட்டு அரசாங்கம் கொடுக்கிற சான்று) வேணும், திராட்சைக் குச்சிக்கு விதி இன்னும் கறார். ஏர்போர்ட்ல பிடிச்சா குப்பைக்குத்தான் போகும்.

5. கம்பி கட்டுறது (செடிக்கு முன்னாடி!)

செடியை நட்டுட்டு அப்புறம் கம்பி கட்டினா நம்ம காலே செடியை மிதிச்சிடும். வேண்டியது: வைன் ஐங்கிற துளை வச்ச ஸ்க்ரூ, கால்வனைஸ்டு கம்பி 2 மில்லிமீட்டர் தடிமன், ஒவ்வொரு வரிக்கும் கம்பியை இறுக்க ஒரு டென்ஷனர், ஸ்க்ரூ பிடிக்க துளைக்குள்ள வைக்கிற ரால் பிளக், செங்கல்ல துளை போடுற மேசன்ரி பிட். ஒரு சாதாரண சுவருக்கு எல்லாம் சேந்து 25லேர்ந்து 40 பவுண்ட் ஆகும், டிரில் பக்கத்து வீட்டுல கேட்டா கிடைக்கும்.

முதல் கம்பி தரையிலேர்ந்து 45 சென்டிமீட்டர், அப்புறம் 30லேர்ந்து 45க்கு ஒண்ணுன்னு படுக்கையா. வைன் ஐ ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் ரெண்டு மீட்டருக்கு மேல இடைவெளி விட்டா கிவி காய்க்கிற வருஷம் கம்பி தொட்டில் மாதிரி தொங்கும். சுவருக்கும் கம்பிக்கும் நடுவுல 5 சென்டிமீட்டர் இடைவெளி கட்டாயம், காத்து ஓடலன்னா திராட்சைக்கு சாம்பல் நோய் உறுதி. பழைய வீட்டுல காரை பொடிப்பொடியா உதிர்ந்தா பிளக் நிக்காது, செங்கல்லயே துளை போடுங்க.

வீட்டுச் சுவர்னா ஏர்பிரிக் (காத்து போக ஓட்டை வச்ச செங்கல்), பாய்லர் புகைக்குழாய், ஜன்னல் இதெல்லாம் விட்டுக் கம்பி கட்டுங்க. தரைக்குக் கொஞ்சம் மேல சுவர்ல ஒரு கருப்புக் கோடு தெரியும், ஈரம் ஏறாம தடுக்கிற டேம்ப் ப்ரூஃப் கோர்ஸ், மண்ணு அதுக்கு 15 சென்டிமீட்டர் கீழதான் இருக்கணும், உரம் போடுறேன்னு மண்ணைக் குவிச்சு அதை மூடினா வீட்டுக்குள்ள ஈரம் ஏறும், அந்தச் செலவு பழத்துல வராது.

ஃபென்ஸ்னா அதுல கட்டாதீங்க. உங்க பக்கம் 10, 15 சென்டிமீட்டர் தள்ளி மூணு மரத்தூண் ஊன்றி அதுல கம்பி இழுங்க. ஃபென்ஸ் யாரோடதா இருந்தா என்ன, பேனல் மாத்தும்போது கொடியை வெட்ட வேண்டாம், படி 1ல இருக்கிற பாதிப் பிரச்சினை இதுலயே தீந்துடும்.

6. நடுறது

சுவரை ஒட்டி நடாதீங்க. அடிச்சு மழை பெஞ்சாலும் சுவரோட காலடியில ஒரு அடி அகலத்துக்கு மண்ணு காஞ்சே கிடக்கும், மழை நின்னதும் போய் விரலை விட்டுப் பாருங்க, தெரியும். 30லேர்ந்து 45 சென்டிமீட்டர் தள்ளிக் குழி எடுத்து, செடியைச் சுவர் பக்கம் சாய்ச்சு நடுங்க, முதல்ல ஒரு மூங்கில் குச்சி வச்சு கம்பிக்கு வழி காட்டுங்க. குழி தோண்டுனா கட்டடக் குப்பை, உடைஞ்ச செங்கல், சிமென்ட் கட்டி எல்லாம் வரும், எடுத்துப் போட்டுட்டு காம்போஸ்ட் கலந்து நிரப்புங்க. முதல் கோடைக்கு வாரத்துக்கு ரெண்டு தடவை ஒரு வாளி தண்ணி, மழை பெஞ்சுதுன்னு விட்டுடாதீங்க. மேல மரத்தூள் மூடாக்கு போட்டா ஈரம் நிக்கும், தண்டைத் தொடாம போடுங்க.

பேர்-ரூட் குளிர்காலத்துல எப்ப வேணா நடலாம், மண்ணு உறைஞ்ச நாள் மட்டும் வேண்டாம். கிவியை மே மாசம் பாதிக்கு மேல, பனி போனதுக்கு அப்புறம் நட்டா நிம்மதி.

7. கவாத்து

திராட்சைக்கு டிசம்பர்ல கவாத்து பண்ணுங்க. பிப்ரவரி மார்ச்சுக்குத் தள்ளினா வெட்டின இடத்துலேர்ந்து சொட்டு சொட்டா நீர் வடியும், நிறுத்தவே முடியாது. கோடையில குலை பிடிச்ச கிளையை குலைக்கு மேல ரெண்டு இலை விட்டுக் கிள்ளுங்க, குலை இல்லாததை அஞ்சு இலையில. முதல் ரெண்டு வருஷம் வர்ற குலையைக் கிள்ளிப் போடணும், மனசு கேக்காது, ஆனாலும் கிள்ளுங்க. மூணாம் வருஷம் மூணு குலை, நாலாம் வருஷம் அஞ்சு. அதுக்கப்புறம் கொடியோட பலத்தைப் பாத்து விடலாம்.

பிளாக்பெர்ரி, டேபெர்ரிக்கு போன வருஷம் வளந்த தண்டுலதான் பழம் வரும். பழுத்து முடிஞ்ச தண்டைத் தரையோட வெட்டிட்டு பச்சையா நிக்கிற புதுத் தண்டைக் கட்டுங்க. பழசை இடது பக்கம், புதுசை வலது பக்கம்னு ஆரம்பத்துலயே பிரிச்சுக் கட்டிட்டா எதை வெட்டுறதுன்னு குழப்பமே வராது. தண்டோட நுனி மண்ணைத் தொட்டா அங்கயே வேர் விட்டுடும், செடி இன்னொண்ணு வேணும்னா விடுங்க, வேண்டாம்னா தூக்கிக் கட்டுங்க.

கிவி மூணு நாலு வருஷம் ஒண்ணும் காட்டாம இலையா மட்டும் தள்ளும், பொறுமையா இருங்க.

மார்ச்லேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும் பெரிய வெட்டு வெட்டுறதுக்கு முன்னாடி கொடிக்குள்ள கூடு இருக்கான்னு பாருங்க. பறவை இருக்கிற கூட்டைத் தெரிஞ்சே கலைச்சா 1981 வனவிலங்குச் சட்டப்படி குத்தம்.

8. பறிக்கிற நேரம்

திராட்சை பறிச்ச பிறகு பழுக்காது, செப்டம்பர் அக்டோபர்ல குலையோட அடிநுனியில இருக்கிற பழத்தை ருசி பாத்துட்டு வெட்டுங்க, அதுதான் கடைசியா இனிக்கும். கிவி நேர்மாறு. அக்டோபர் கடைசியில, பனி விழுறதுக்கு முன்னாடி கல்லு மாதிரி இருக்கும்போதே பறிச்சு, வேண்டியதை மட்டும் ஒரு வாழைப்பழத்தோட பையில கட்டி வச்சா சில நாள்ல பழுத்துடும், மீதி குளிர்ச்சியான இடத்துல மாசக்கணக்கா இருக்கும்.

பழம் கலர் மாற ஆரம்பிச்சதும் வலை போடுங்க, இல்லன்னா கருங்குருவிங்க விடிகாலையிலயே வந்து முடிச்சிட்டுப் போயிடும். வலையை இறுக்கமா இழுத்து அடியில கல்லு வைங்க, தளர்ந்து தொங்குற வலையில முள்ளெலியும் குருவியும் சிக்கிக்கும். குளவிக்கு குலைங்க மேல பழைய மெல்லிசு துணிப் பையைக் கட்டிவிடலாம்.

கொடி பக்கத்து வீட்டுக்குள்ள போச்சுன்னா எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறதை வெட்ட அவங்களுக்கு உரிமை உண்டு, பழம் மட்டும் சட்டப்படி உங்களுதுதான். அதைக் கேட்டு வாங்கிட்டு வராதீங்க, அந்தப் பக்கம் தொங்குறது அவங்களுக்குன்னு நீங்களே முதல்ல சொல்லிடுங்க, லீவுக்கு நீங்க ஊருக்குப் போனா தண்ணி ஊத்த ஆள் வேணும்ல.